மாறாப் பண்பும் மாறிகளின் மயக்கமும்

பெயர் ஒன்று, பொருள் நொடிக்கொன்று என்பதையே உரிமையெனக் கொண்டாடும் நிரலர் சிலர், 'ஆண்ட்' என்னும் கருவியை இன்றும் பழித்து வருகின்றனர். மென்பொருளைக் கட்டியெழுப்பும் கட்டளைகளைக் கோப்பிலெழுதிக் கணிப்பொறியைக் கொண்டே செய்விக்கும் கருவி அது. சேம்சு தங்கன் தேவிட்சன் ஆக்கியது. 2000-இல் தனிக்கருவியாக வெளிவந்தது. அக்கோப்பில் ஒரு கோப்புறையின் பெயரையோ பதிப்பெண்ணையோ 'பண்பு' என ஒருமுறை வரையறுத்துவிட்டால், பின்வரும் வரையறை எதுவும் அதனை மாற்றாது. முதலிற் சொன்னதே சொல்.

"மாறாதது என்ன மாறி?" என்று எள்ளுகின்றனர். அதனை மாறி என்றவர் யார்? ஆக்கியோர் இட்ட பெயர் பண்பு என்பதே. தாமே பிழைப்பெயர் சூட்டி, அப்பெயருக்கேற்ப அது நடக்கவில்லை எனப் பொருளைப் பழிப்பது எவ்வகை அறிவு?

இம் மாறாமையாலன்றோ வெளியூரார் ஒருவர் பிறரெழுதிய கோப்பைத் தொடாமலே தம் பொறிக்கேற்ப இயக்க முடிகின்றது! கட்டளை வரியில் அவர் தரும் மதிப்பு முந்திக் கொள்கின்றது. கோப்பிலுள்ள பொது மதிப்பு ஒதுங்கிக் கொள்கின்றது.

மாறிகளின் ஆட்சியையும் பார்ப்போம். 1976-இல் பெல் ஆய்வகத்தில் இசுடூவர்ட்டு பெல்டுமன் ஆக்கிய 'மேக்' மூத்த கருவி, பெருமைக்குரியதே. ஆனால் அதன் குனு வடிவில் வெறுஞ் சமக்குறியால் வரையறுத்த மாறி, பயன்படும்போதுதான் பொருள் பெறும். முக்காற் புள்ளி சேர்த்தாலன்றி அப்போதே நிலைபெறாது. கீழே எழுதிய வரி மேலே எழுதியதன் பொருளைத் திரித்துவிடும். இதனினுங் கொடிது ஒன்றுண்டு. வரையறுக்காத பெயரை அது வெற்றிடமாக விழுங்கிவிடுகின்றது. 'வெளியீட்டுக் கோப்புறைக்குள் உள்ளவற்றை அழி' என்னுங் கட்டளையில் கோப்புறையைக் குறிக்கும் பெயர் ஓரெழுத்துப் பிழைபட்டால், எஞ்சுவது தனிச் சாய்கோடு. யூனிக்சு முறையில் அதுவே கோப்புறைகளுக்கெல்லாம் வேர்! கட்டளையிட்டவர்க்கு உரிமையுள்ள கோப்புகள் யாவும் பறிபோம். ஆண்ட்டிலோ, வரையறுக்காத பெயர் தாலர்க் குறியும் அடைப்பும் தாங்கி அப்படியே நிற்கும். அப்பெயரிலேயே ஒரு கோப்புறை முளைத்தலும் உண்டு. நகைப்புக்கிடமே, ஆயினும் பிழை கண்ணிற் படுகின்றது.

ஆண்ட்டிலும் குறையுண்டு. இரண்டாம் வரையறையைப் புறக்கணிக்கும்போது அது வாய்வாளாதிருக்கின்றது. விரிவாய்ச் சொல்லெனப் பணித்தாலன்றிக் கரணியம் கூறுவதில்லை. இதனால் நாள்முழுதும் தேடி அலைந்தோர் பலர். அவர்கள் சினம் நயன்மையானதே. எனினும், 'ஆண்ட்-கான்ட்ரிப்' என்னும் துணைத்தொகுப்பின் மாறியைப் புகுத்திக்கொண்டது மருந்தாகாது. அது புகுந்த கோப்பில், ஒரு பெயர் எவ்விடத்தில் எம்மதிப்புடையது என்பதை ஓட்டிப் பாராமல் எவராலும் சொல்லவியலாது.

2010-இல் வந்த 1.8 பதிப்பு, ஒரு பகுதிக்குள் மட்டும் தனிமதிப்புக் கொள்ளும் உள்ளகப் பண்பைத் தந்தது. பகுதி முடிந்ததும் பழைய மதிப்பே நிற்கும். கேட்டது கிடைத்த பின்னும் பழிப்பது ஏனோ?