மடக்கி எடுக்கிற வண்டில்

கைக்குழந்தையோடு கொழும்புக் கிளினிக்குக்குப் போய்வருகின்ற தாய்மாரின் பாட்டை இந்தப் பக்கத்தில் எழுதவேண்டும் என்று பல நாட்களாக எண்ணியிருந்தேன். கடைசியில் எழுத வைத்தது ஒரு தள்ளுவண்டில். பிள்ளையை வளர்த்தி அல்லது இருத்தித் தள்ளிக்கொண்டு போகின்ற வண்டிலைத்தான் சொல்கின்றேன். "உது காசுள்ள ஆக்களின்ரை சாமான், எங்களுக்கேன்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே. நானும் சில வருடங்களுக்கு முன்புவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை செய்யும் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு தங்கச்சி. 2009இல் அவளுக்கு 12 வயது. அந்த வருடம் ஷெல் துண்டு ஒன்று இடது தோளுக்குள் போனது. ஒரு பகுதியை எடுத்தார்கள், மிகுதியை எடுக்காமலே விட்டார்கள். அந்தக் கையைத் தோளுக்கு மேலே உயர்த்த அவளால் முடியாது. ஐந்து நிமிடம் பாரம் பிடித்தால் விரல்கள் விறைத்துவிடும். கணவன் மேசன் வேலை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. முதல் பிள்ளை பிறந்ததும் இருதயத்தில் ஒரு சிறு துவாரம் இருக்கின்றது என்று சொல்லிக் கொழும்பு சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகென்ன, மாதம் தவறாமல் பயணம்தான்.

"அக்கா, தூக்கிக்கொண்டு நிக்கிறதுதான் பயமாக் கிடக்கு. கை விறைச்சு, பிள்ளையை விட்டிடுவனோ எண்டு" என்று அவள் என்னிடம் சொன்னது, பிள்ளை பிறந்து இரண்டு மாதத்தின் பின்னர்தான். அதுவரை கணவனிடம்கூடச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைத் தூக்க முடியாதவள் என்று சனம் கதைக்குமே என்ற வெட்கம்.

கனடாவிலிருக்கும் மாமாதான் வண்டில் கதையைத் தொடக்கியவர். போனில் படம் படமாக அனுப்பினார். பெரிய சில்லு, கோப்பை வைக்கத் தட்டு, மழைக்கு உறை என்று ஒவ்வொன்றும் ஒரு சிறிய கார்தான். அவளுடைய அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"வண்டில் கிண்டில் வேண்டாம் பிள்ளை. அண்டைக்கு இவளைக் கையிலை இருந்து இறக்கியிருந்தா, இண்டைக்கு இவளுமில்லை, இந்தக் குஞ்சுமில்லை. பிள்ளை எண்டால் கையிலைதான் கிடக்கவேணும்."

காயப்பட்ட 12 வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்து வந்த தாய் அவர். அவரோடு என்னால் வாதாட முடியவில்லை. "சரி அம்மா, முதல் பயணத்திலை பார்ப்பம்" என்று மட்டும் சொன்னேன். எனக்கு ஓரளவு சிங்களம் வரும் என்பதால், முதல் தடவை நானும் அவர்களோடு போனேன்.

இரவு பஸ்ஸில் போய் வெள்ளவத்தையில் இறங்கினோம். தங்கிய வீட்டில் பெரிய வண்டில் ஒன்று சும்மா கிடந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் விட்டுச் சென்றதாம். தூக்கிப் பார்த்தேன், ஒரு பெரிய மாப்பைக் கட்டின பாரம். இதிலேயே பிள்ளையைக் கொண்டுபோவோம் என்று முடிவெடுத்தவள் நான்தான். பிழையும் என்னுடையதுதான்.

வீடு மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லை. கீழே வந்து சேரவே எனக்கு மூச்சு வாங்கியது. காலி வீதி நடைபாதையில் பத்தடி தள்ளினால் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும், இன்னும் பத்தடியில் காண்மூடியின் கொங்கிரீட் பலகை உயர்ந்து கிடக்கும். ஒவ்வொரு குறுக்கொழுங்கைக்கும் நடைபாதை முடிந்து, ஒரு முழங்கால் அளவு இறங்கி, மறுபடி ஏறவேண்டும். நகரங்களைத் திட்டமிடுகின்றவர்கள் பிள்ளையோடு நடக்கின்றவளை மனதில் வைப்பதில்லை என்று பல்கலைக்கழகத்தில் சமூகவியல் விரிவுரையில் கேட்டுக் குறிப்பெடுத்தவள் நான். பரீட்சையிலும் எழுதினேன். அந்த விளிம்பில் வண்டிலோடு நின்றபோதுதான் அது எனக்கு விளங்கியது.

பொரளைப் பக்கம் போகும் 154ஆம் இலக்க பஸ் வந்தது. வண்டிலை மடக்க இரண்டு கையும் ஒரு காலும் தேவைப்பட்டன. நான் அதோடு மல்லுக்கட்ட, நடத்துநர் கத்த, பஸ் போய்விட்டது. அடுத்ததில் மடக்கிய வண்டில் வாசலுக்குள் போகவில்லை. ஓட்டோ பிடித்தோம். அதற்குள் வண்டிலை வைத்தால் மூன்று பேருக்கு இடமில்லை. கடைசியில் அம்மா பிள்ளையை மடியில் வைத்திருக்க, நான் வண்டிலை அணைத்துக்கொண்டு ஒரு காலை வெளியே தொங்கப்போட்டபடி போனேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் எனக்கு அதிகம் சுட்டது.

ஆனால் வைத்தியசாலையில் கதை மாறியது. அங்கே நிலம் சமம். வரிசையில் பல மணி நேரம் நிற்கவேண்டியிருந்தது. பிள்ளை வண்டிலில் கிடந்து நித்திரை கொண்டது. தாய் ஒரு கையால் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் கிளினிக் கொப்பியோடு நிமிர்ந்து நின்றாள். அன்றைக்குத்தான் அவள் விரல்கள் விறைக்காமல் வைத்தியரோடு பேசியதாகப் பிறகு சொன்னாள். ஆக, வண்டில் வேண்டும், ஆனால் இந்த வண்டில் அல்ல.

திரும்பி வந்த பிறகு, கொழும்புக் கடைகளில் ஏறி இறங்கிப் பார்த்தேன். வெளிநாட்டிலிருக்கும் உறவினரிடம் கேட்டும் அறிந்தேன். உங்களுக்கும் யாராவது "வண்டில் அனுப்பவோ?" என்று கேட்டால் பயன்படும் என்பதால் விபரமாகவே எழுதுகின்றேன்.

குடைபோல ஒடுங்கி மடிகின்ற இலேசான வண்டிலை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதை உருவாக்கியவர் ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். மகள் பேரப்பிள்ளையின் கனத்த வண்டிலோடு சிரமப்பட்டதைக் கண்டு 1965இல் அதை வடிவமைத்தார். அதற்கு முன்னர் அவர் ஸ்பிற்பயர் என்ற போர் விமானத்தின் மடங்கும் சில்லுக் கால்களில் வேலை செய்தவர். விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடின எங்களுக்கு இதைக் கேட்க ஒருமாதிரித்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

அந்த வகை பாரம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் அநேகமானவற்றில் இருக்கை தொய்ந்த துணி மட்டும்தான், முழுதாகச் சாயாது. தானாக நிமிர்ந்து இருக்கத் தெரியாத பிள்ளைக்கு, அதாவது ஏறக்குறைய 6 மாதம் வரை, அது கூடாது. கழுத்து நிற்காத பிள்ளையை நிமிர்த்தி இருத்தினால் தலை முன்னுக்குச் சரிந்து நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுப்பாதை ஒடுங்கும். இருதய வருத்தமுள்ள பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம். எனவே கைக்குழந்தைக்கு வாங்குவதாயின் முதுகுப் பகுதி மட்டமாகப் படுக்கவேண்டும். "சாயும்" என்று கடைக்காரர் சொன்னால் போதாது, எவ்வளவு சாயும் என்று சாய்த்துப் பாருங்கள். மட்டமாகவும் படுத்து, பஸ்ஸில் காலடியில் வைக்கத்தக்கதாகச் சிறிதாகவும் மடிகின்ற வண்டில்கள் இப்போது வருகின்றன. ஆறு, ஏழு கிலோ வரும். எங்களுக்குத் தேவை அதுதான்.

அடுத்தது மடக்குகின்ற விதம். "ஒரு கையால் மடக்கலாம்" என்று பெட்டியில் போட்டிருக்கும். நான் கடைக்குப் போகும்போது 5 கிலோ அரிசிப் பையொன்றைக் கொண்டுபோனேன். கடைப் பெடியன் சிரித்தான். பையை வண்டிலில் வைத்துத் தள்ளினேன், வளைத்தேன், முன்சில்லைத் தூக்கி வாசல்படியில் ஏற்றினேன். பிறகு பையை ஒரு கையில் பிள்ளைபோல அணைத்துக்கொண்டு மற்றக் கையால் மடக்கிப் பார்த்தேன். நாலில் மூன்று தோற்றுவிட்டன. ஒன்றில் பொத்தானை அமத்தும்போதே இன்னொரு கையால் கைபிடியை இழுக்கவேண்டும். இன்னொன்று மடிந்தது, ஆனால் பூட்டுப் பிடிக்காமல் தூக்கும்போது விரிந்தது. நாலாவதுதான் சரிவந்தது. பிறகு தங்கச்சியையே கொண்டுபோய் அவளுடைய வலது கையால் மடக்க வைத்துத்தான் வாங்கினோம். வாங்குகின்றவருக்கு இலேசாக இருப்பது, தள்ளுகின்றவருக்கு இலேசாக இருக்கவேண்டும் என்றில்லை.

மடிகின்ற மூட்டுகளில் கவனம். 2009 நவம்பரில் மக்லாரன் கம்பனியே அமெரிக்காவில் ஏறத்தாழ 10 இலட்சம் வண்டில்களுக்கு மூட்டு உறை கொடுக்க வேண்டியேற்பட்டது. விரிக்கும்போது மூட்டுக்குள் அகப்பட்டு 12 பிள்ளைகளின் விரல் நுனி துண்டிக்கப்பட்டிருந்தது. பழைய வண்டிலை யாராவது தந்தால் மூட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். விரிக்கும்போதும் மடக்கும்போதும் பிள்ளை பக்கத்தில் நிற்கக்கூடாது. பிறேக்கைப் போட்டுச் சரிவில் தள்ளிப் பாருங்கள். பட்டி தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்களுக்கிடையில் ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்கவேண்டும். இற்றுப்போயிருந்தால் நல்ல தையற்காரரிடம் மாற்றலாம். பூட்டு உடைந்திருந்தால் அந்த வண்டிலே வேண்டாம்.

சின்னச் சில்லு காண்மூடி இடுக்கில் இறங்கிவிடும். அப்படியான இடத்தில் கைபிடியைக் கீழே அமத்தி முன்சில்லைத் தூக்கிக் கடக்கவேண்டும். பைகளைக் கைபிடியில் தொங்கவிடும் பழக்கம் எங்களுக்கு உண்டு. பிள்ளையைத் தூக்கிய உடனே வண்டில் மல்லாக்காக விழும், பிள்ளை உள்ளே இருக்கும்போதும் விழலாம். வெயிலுக்கென்று மேலே சேலையையோ துவாயையோ போட்டு மூடாதீர்கள். உள்ளே காற்று நின்று வெக்கை ஏறும், பிள்ளையின் முகமும் தெரியாது. வலை போடலாம். டெங்கு நுளம்பு பகலில்தானே கடிக்கின்றது.

வீதியைக் கடப்பதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் எட்டிப் பார்த்து வாகனம் வருகிறதா என்று அறிவதற்கு முன்பே, எங்களுக்கு முன்னால் வண்டில் வீதிக்குள் இறங்கிவிடுகின்றது. பிள்ளை முன்னுக்கு, நாங்கள் பின்னுக்கு. ஆகவே வண்டிலைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்று, பார்த்து, வாகனங்கள் நின்ற பிறகே திருப்பித் தள்ளுங்கள். புகையிரத மேடையில் தண்டவாளத்துக்குச் சமாந்தரமாக நிறுத்திப் பிறேக்கைப் போடுங்கள். கோட்டை நிலையத்தில் மேம்பாலப் படிகளில் பிள்ளையை உள்ளே வைத்துத் தூக்கவே கூடாது. பிள்ளை கையில், வண்டில் மடக்கி வேறாக.

பஸ்ஸிலும் அப்படித்தான். பிள்ளையை எடுத்து, மடக்கி, பிறகு ஏறவேண்டும். அந்த இரண்டு நிமிடம்தான் கஷ்டமானது. தங்கச்சிக்கு நான் சொல்லிக் கொடுத்த சிங்களம் இவ்வளவுதான்: "பபெக் இன்னவா, பொட்டக் இன்ன." குழந்தை இருக்கின்றது, கொஞ்சம் நில்லுங்கள் என்று பொருள். முதல் இரண்டு முறை வாய்க்குள் முணுமுணுத்தாள். மூன்றாம் முறை சத்தமாகச் சொன்னாள். நடத்துநர் இறங்கி வந்து வண்டிலை வாங்கி உள்ளே வைத்தார். எல்லோரும் அப்படி என்று சொல்லமாட்டேன். கேட்காமல் விட்டால் ஒருவரும் தரமாட்டார்கள் என்பதைத்தான் கண்டிருக்கின்றேன். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனத்தில் யாராவது இருந்தாலும் கேளுங்கள்.

கனடா மாமாவுக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல். தான் பார்த்த பெரிய வண்டில் வேண்டாம் என்றதும், "நான் தாறது பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார். அவருடைய மருமகளின் கையைப் பற்றி அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. நீண்ட நேரம் பேசாமல் இருந்து, "நீங்கள் பாத்ததையே வாங்குங்கோ, காசு அனுப்புறன்" என்றார். மீதிக் காசில் நுளம்பு வலையும் வாங்கினோம்.

அம்மா? இரண்டாம் பயணத்திலும் பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார், வண்டிலில் எங்கள் பைகள் போயின. மூன்றாம் பயணத்தில் அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பொரளைச் சந்தியில் நின்று, "கொஞ்சத் தூரம் வளத்திப் பார்ப்பம்" என்று தானாகச் சொன்னார். பிள்ளையைப் பட்டி பூட்டி வளர்த்தினோம். மகள் தள்ள, அவர் பக்கத்தில் பிள்ளையின் காலொன்றைப் பிடித்தபடியே வைத்தியசாலை வாசல்வரை நடந்தார். கையை விடச்சொல்லி நாங்கள் சொல்லவில்லை.

பிள்ளை இப்போது ஓடித் திரிகின்றது. துவாரம் தானாகவே மூடிவருகின்றது என்று வைத்தியர் சொல்லியிருக்கின்றார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். வண்டிலை எங்கள் மாதர் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். கிளினிக்குக்குப் போகின்றவர்கள் கொப்பியில் கையெழுத்து வைத்து எடுத்துச் சென்று, கழுவித் திருப்பித் தரவேண்டும் என்று ஒழுங்கு செய்திருக்கின்றோம். இதுவரை நான்கு தாய்மார் கொண்டுபோயிருக்கின்றார்கள். போன கிழமை திரும்பி வந்தபோது வலதுபக்க முன்சில்லு கீச்சிட்டது. சைக்கிள் கடை அண்ணரிடம் கொடுத்திருக்கின்றேன், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லி. அடுத்த கிளினிக் திங்கட்கிழமை.