வாசிக்க முடியாத விதிக்கு ஒப்பமா?

வெளிநாட்டுப் பார்சலில் ஒட்டுற சீஎன் 23 படிவத்தில், தடைசெய்த பொருள் எதுவும் உள்ளே இல்லையென்று எங்கட அம்மாமார் ஒப்பமிடுகிறார்கள். எதெது தடை? நாங்கள் போன கந்தோரில் தமிழில் ஒரு பட்டியல்கூட இல்லை.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஜேர்மனிக்கோ பிரான்சுக்கோ கருவாடு 20 கிலோ வரை போகும். வீட்டில உருக்கின நெய் போகாது. பால், இறைச்சி வழியாகக் கால்நடை நோய் பரவும் என்பதுதான் காரணம். நியாயமான விதி, அதோட எங்களுக்குச் சண்டையில்லை. ஆனால், வாசிக்கக் குடுக்காத விதியை மீறினதாகச் சொல்லிப் பார்சலை அழித்தால் நட்டம் ஆருக்கு?

1987 இன் 13ஆம் திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழிதானே! முதலில் பட்டியலைத் தமிழில் ஒட்டுங்கோ. பிறகு ஒப்பம் கேளுங்கோ.