முறுக்கிவிட்டால் முடிந்ததா?

நம் கார் பட்டறைகளில் யாராலும் அசைக்க முடியாத நம்பிக்கை ஒன்று உண்டு: நட்டை நன்றாக முறுக்கிவிட்டால் அது கழலவே கழலாது. ஸ்டீயரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் மாற்றினாலும் சரி, லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் மாற்றினாலும் சரி, ஸ்பேனரின் வாலில் ஒரு பைப்பைச் செருகி உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு ஒரு முறுக்கு. "இனி யாரும் கழட்ட முடியாதுண்ணே." நட்டைப் பூட்டும் பழைய ஸ்பிளிட் பின் மண்ணில் கிடக்கும், புதியதை வாங்கியே இருக்க மாட்டார்கள். வண்டிக்காரருக்கும் திருப்தி. பைப் போட்டதைக் கண்ணால் பார்த்தாரே!

இறுக்குவது வேறு, கழலாமல் காப்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததாக நினைப்பதுதான் கோளாறு.

முறுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது மறுபடி சுருங்கப் பார்க்கும். அந்த விசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நம் கை கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இந்தப் பிடிப்பாக மாறும். மற்றதெல்லாம் மரையிலும் நட்டின் முகத்திலும் உராய்வாகவே தீர்ந்துபோகிறது. மரை துருப்பிடித்திருந்தால் ஸ்பேனர் கனக்கும், உள்ளே பிடிப்பு குறைவாக இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஸ்பேனர் லேசாகப் போகும், போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். முப்பது வருட அனுபவக் கையும் ஏமாறும் இடம் இது. கைக்குத் தெரிவது பெரும்பாலும் உராய்வுதான்.

சிறிய கார்களின் டை ராட் எண்ட் நட்டுக்குத் தயாரிப்பாளர் கேட்பது பெரும்பாலும் 30 முதல் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஓர் அடி ஸ்பேனரில் 15 கிலோ பாரம் கொடுத்தாலே 44 வந்துவிடும். அதே பாரத்தை மூன்றடி பைப்பில் கொடுத்தால் 130-ஐத் தாண்டும். அதற்குப் பிறகு நட்டு ஏறும் தண்டு பழைய நீளத்துக்குத் திரும்பாமல் போகலாம், மரை பிய்ந்துபோகலாம். யாராலும் கழட்ட முடியாது என்று சொன்ன நட்டு, பாதி அறுந்த மரையில் தொங்கிக்கொண்டு சாலைக்குப் போகிறது.

சரியான அளவில் இறுக்கினாலும் கதை முடிவதில்லை. போல்ட்டின் அச்சுக்குக் குறுக்கே பாகங்கள் நழுவி அசைந்தால், இறுக்கிய நட்டும் தானாகவே திரும்பிக் கழலும் என்பதை கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை இயந்திரம் வைத்தே காட்டிவிட்டார். முன்சக்கர மூட்டுகள் வாழ்நாள் முழுக்க வாங்குவது குறுக்கு அடிதான்: பள்ளம், வேகத்தடை, நிறுத்தி வைத்தே ஸ்டீயரிங்கை ஒடிப்பது. "ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கேனே" என்பார்கள். முழுதாக இறுக்கியபின் அது தட்டையாகி வெறும் வாஷராகிவிடும், பூட்டும் சக்தி அதற்கு இல்லை என்று நாசாவின் 1990-ஆம் ஆண்டுக் கையேடே எழுதிவைத்திருக்கிறது.

அதனால்தான் தலையில் காடி வெட்டிய கேசில் நட்டும், அதன் குறுக்கே போகும் ஸ்பிளிட் பின்னும். இந்தப் பின் பாரம் எதையும் தாங்குவதில்லை, பிடிப்பையும் கூட்டுவதில்லை. பிடிப்பு தளர்ந்த நாளிலும் நட்டைத் தண்டிலிருந்து விழவிடாமல் நிறுத்துவதே அதன் வேலை. மூட்டு கடகடக்கும், ஸ்டீயரிங் ஆடும், ஓட்டுநருக்குச் சந்தேகம் வரும். பின் இல்லையென்றால் நட்டு போய்விடும். டை ராட் விலகும். அந்தச் சக்கரம் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது.

வேடிக்கை என்னவென்றால், பின் போடுகிறவர்களிலும் பலர் ஓட்டையும் காடியும் நேராக வராவிட்டால் நட்டைக் கொஞ்சம் பின்னால் தளர்த்திப் பின்னைச் செருகுகிறார்கள். இறுக்கத்தை அவ்வளவு நம்புகிறவர்கள் கடைசியில் அதையே விட்டுக்கொடுக்கிறார்கள்! சொன்ன அளவுக்கு இறுக்கியபின் அடுத்த காடி வரை முன்னால்தான் திருப்ப வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது, அதன் இடத்தில் ஆணியை மடக்கி விடுவது பற்றியெல்லாம் பேசவே வேண்டாம்.

"ஸ்டட் கூடவே சுத்துது, அதான் இம்பாக்ட் கன் போட்டேன்" என்பது இன்னொரு சமாதானம். அந்தத் தண்டு கூம்பு வடிவம். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் கூம்புத் துளையில் கவ்வி உட்கார வேண்டியது. துருவும் கிரீஸும் துடைத்து, கீழிருந்து ஜாக்கியால் மெல்லத் தாங்கினால் பெரும்பாலும் கவ்விக்கொள்ளும். அழுக்கின் மேல் கன் போட்டு இறுக்கினால், அந்த அழுக்கு நசுங்கியதும் பிடிப்பு போய்விடும். லோயர் ஆர்ம் ரப்பர் புஷ்ஷிலும் எந்த நிலையில் இறுக்குகிறோம் என்பது முக்கியம்: சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். வண்டி தன் பாரத்தில் நின்ற நிலையில்தான் கடைசி இறுக்கு.

புதிய கார்கள் பலவற்றில் ஸ்பிளிட் பின்னே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். அங்கே பூட்டு நட்டுக்குள்ளேயே இருக்கிறது, நைலான் வளையமாகவோ நெளித்த மரையாகவோ. ஒருமுறை கழட்டினால் அந்தப் பூட்டு தேய்கிறது. புது நட்டுப் போடச் சொல்லிப் பல தயாரிப்பாளர்கள் கையேட்டில் எழுதுவது அதனால்தான். நாமோ பழைய நட்டையே துடைத்துப் போடுகிறோம்.

மெக்கானிக்கை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஸ்டீயரிங் மூட்டுகள் செய்யும் ராணே மெட்ராஸும், நட்டு போல்ட் செய்யும் சுந்தரம் ஃபாஸ்னர்ஸும் இருக்கும் சென்னையிலேயே, பில்லில் பின்னுக்கும் நட்டுக்கும் தனியாகச் சில ரூபாய் போட்டால் "இதுக்கெல்லாமா காசு?" என்று சண்டைக்கு நிற்பவர்கள் நாம்தான். டார்க் ரெஞ்ச் வாங்கி வைத்தவருக்கு நம்மிடம் பாராட்டும் இல்லை, கூடுதல் கூலியும் இல்லை.

அடுத்த முறை முன்சக்கர வேலை நடந்தால், சக்கரத்தை மாட்டுவதற்கு முன் டார்ச் அடித்து அந்த மூட்டைக் காட்டச் சொல்லுங்கள். புதுப் பின், அல்லது புது லாக் நட், இரண்டில் ஒன்று கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள்.