ஒரு மதகுக்கு மூன்று கடிதம்



கொஞ்சம் நீளமான பதிவு. இலுப்பைக்கடவை, பள்ளமடு, விடத்தல்தீவு, பெரியமடுப் பக்கத்து உறவுகள் பொறுமையாக வாசியுங்கள்.

கடந்த மாரியில் என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சல் ஒன்றுமில்லை. ஏ-32 வீதியில் இருந்து உள்ளே போகும் கிரவல் பாதையில் மதகு உடைந்து, பாதைக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தது. பத்து வயதுப் பிள்ளையை அதற்குள் இறக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

அந்தப் பாதையை நம்பி மூன்று சின்ன ஊர்கள் இருக்கின்றன. ஒன்றில் நாங்கள், ஒன்றில் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள், மற்றதில் வயல் செய்யும் சைவக் குடும்பங்கள். மதகு ஆட்டம் காணத் தொடங்கியபோதே பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு கடிதம் கொடுத்தது. எழுதிக் கொடுத்தவன் நான்தான். வெள்ளம் வடிந்த பிறகு மதகடியில் நின்ற ஒரு அண்ணையிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"சேர், நாங்களும் ஃபாதரிட்டச் சொல்லி ஒரு கடிதம் குடுத்தனாங்கள். கோயில் ஆக்களும் குடுத்தவையாம்."

ஒரே மதகுக்கு மூன்று கடிதம்! என் கடிதத்தில் "எமது கிராமத்து மக்கள்" என்றுதான் இருந்தது. பக்கத்து ஊர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைவிட வெட்கம், நான் அதை அனுப்பியதே பிழையான இடத்துக்கு. படித்த எனக்கே தெரியவில்லை.

ஆகவே தெரிந்துகொள்வோம். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்குரியவை. ஊருக்குள் போகும் ஒழுங்கைகள், அதன் மதகுகள், தெருவிளக்கு, குப்பை, வாசிகசாலை, சந்தை எல்லாம் பிரதேச சபையின் பொறுப்பு. எங்களுக்கு அது மாந்தை மேற்கு பிரதேச சபை.

2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6இல்தான் வாக்களித்தோம். வடக்கு மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் கலைந்ததோடு சரி. இரண்டு வருடத்துக்கு மேலாக, ஊர்ப் பிரச்சினையைச் சொல்ல நாங்கள் தெரிவு செய்த ஒருவர் பாராளுமன்றத்துக்குக் கீழே இருக்கவில்லை.

இப்போது சபை இருக்கிறது. ஆனால் எங்கள் பழக்கம் மாறியதா?

எங்களுடையது வருமானம் குறைந்த சபை. நகர சபைபோல் பெரிய கடைத்தெரு இல்லை, சோலைவரி பெரிதாக வராது. இருக்கிற கொஞ்சக் காசைப் பங்கிடும்போது நாற்பது வீட்டுக்காரர் தனியாகப் போய்க் கேட்டால் வரிசையின் கடைசியில்தான் நிற்போம். மூன்று ஊரும் சேர்ந்து நூற்றிருபது வீடாகப் போனால் கதை வேறு.

"எங்கட ஆளை அனுப்பியிருக்கிறம், அவர் பார்ப்பார்" என்று சிலர் சொல்வீர்கள். வட்டாரத்தில் 60 வீதம், பட்டியலில் 40 வீதம் என்ற இந்த முறையில் சின்னச் சமூகங்களுக்கும் இடம் கிடைக்கிறது, உண்மை. ஆனால் ஒரு உறுப்பினருக்குச் சபையில் ஒரு வாக்குத்தான். மற்ற ஊர் உறுப்பினர்கள் கை உயர்த்தாமல் உங்கள் ஆளால் ஒரு மதகும் கட்ட முடியாது.

இன்னொரு கதையும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். 1990 ஒக்டோபரில் எங்கள் வாப்பாமார் இந்த மண்ணை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நான் பிறந்ததே புத்தளத்தில். திரும்பி வந்த எங்களுக்குள் ஒரு பயம் இருக்கிறது. கடைசி யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து வந்த பக்கத்து ஊர்க்காரருக்கும் அவர்களுடைய பயம் இருக்கிறது. அதனால்தான் தனித்தனியாக எழுதுகிறோம். ஒரு மதகு அந்தக் காயத்தை ஆற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மையவாடிக்கும் சேமக்காலைக்கும் சுடலைக்கும் அதே பாதையால்தானே போகிறோம்?

அடுத்த மாரிக்கு முன் மூன்று வேலை செய்வோம். பள்ளிவாசல், தேவாலயம், கோயில் மூன்றின் நிர்வாகமும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைக்கட்டும். மூன்று ஊரிலும் இருந்து ஆளுக்கொருவர் சேர்ந்து போய், அதைச் சபையில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்கட்டும். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வரவுசெலவுத் திட்டத்தில் எங்கள் பாதைக்கு என்ன ஒதுக்கப்பட்டது என்று கேட்போம். சாதாரண பிரஜை யாரும் கேட்கலாம், சண்டை தேவையில்லை.

கடிதம் எழுதித்தர நான் தயார். இந்த முறை "எமது மூன்று கிராமங்கள்" என்றுதான் தொடங்குவேன்.

பிழை இருந்தால் கீழே சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். பக்கத்து ஊர் நண்பர்களுக்கும் அனுப்புங்கள்.