'எச்' போட்டா நிறைய இருக்குன்னு அர்த்தமா?

போன மாசம் ஆபீஸ்ல மும்முரமா ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தப்ப அம்மா போன். "டேய், ரத்த ரிப்போர்ட் வந்திருக்கு, பாத்து சொல்லுடா."

நாமதான் இஞ்சினியராச்சே! டிஐபிசி 480, பக்கத்துல கொட்டை எழுத்துல 'எச்'. "இரும்பு ஜாஸ்தியா இருக்கும்மா, முருங்கைக்கீரையைக் கொஞ்சம் நிறுத்து"ன்னு அடிச்சு விட்டேன்.

தப்பு மக்களே. அப்படியே தலைகீழா படிச்சிருக்கேன்.

ரத்தத்துல இரும்பு தனியா சுத்தாது. கல்லீரல் தயாரிக்கிற ட்ரான்ஸ்ஃபெரின்ங்கற புரதம்தான் அதை ஏத்திக்கிட்டுப் போற டவுன் பஸ். டிஐபிசி என்பது மொத்த சீட்டு. சீரம் அயர்ன்தான் உட்கார்ந்திருக்கும் பயணிகள். கையிருப்பு குறையக் குறைய கல்லீரல் இன்னும் நிறைய பஸ் விடும். அதாவது 'எச்' என்றால் காலி பஸ் ஓடுதுன்னு அர்த்தம்! அம்மாவுக்கு சீரம் அயர்ன் 36. 480-ஆல வகுத்தா 7.5 சதவீதம். சாதாரணமா 20க்கு மேல இருக்கணும்.

இந்த ஒரு வகுத்தல் கணக்கை ரிப்போர்ட்ல அச்சடிக்க என்ன கேடு? இப்படி ஒரு எர்ரர் மெசேஜை நான் எழுதினா டெஸ்டிங் டீம் செருப்பால அடிக்கும்.

அடுத்த கடுப்பு டாக்டர் மேல. அசதியா இருக்குன்னு அம்மா போன வருஷமே போனாங்க. ஹீமோகுளோபின் 12.1. "நார்மல்தான், வயசாச்சுல்லம்மா"ன்னு அனுப்பிட்டார். இரும்புக் கையிருப்பு காலியாகி, பஸ்ஸும் காலியாகி, கடைசியாத்தான் ஹீமோகுளோபின் இறங்கும். கடைசி மணி அடிக்கிற வரைக்கும் காத்திருப்பதுக்குப் பேர் வைத்தியமா?

இதுக்கு எதிர்க்கோடி ஆசாமிகளும் உண்டு. ஹீமோகுளோபின் குறைஞ்சா கண்ணை மூடிக்கிட்டு டானிக்! தலசீமியா மைனர் உள்ளவங்களுக்கும் ஹீமோகுளோபின் கம்மியா இருக்கும், ஆனா பெரும்பாலும் இரும்பு போதுமான அளவு இருக்கும். நாள்பட்ட அழற்சி இருந்தா சீரம் அயர்ன் குறையும், கூடவே டிஐபிசியும் பெரும்பாலும் குறையும். அங்கே இரும்பு டெப்போவிலேயே பூட்டிக் கிடக்கு. அதனாலதான் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கணும்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி இந்தியாவில் 15-49 வயசுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த நாட்டுல இதைக்கூட விளக்கிச் சொல்ல ஆளில்லை.

டானிக் எழுதினாலும் வேலை முடியலை. இரும்பு எங்கே ஒழுகுதுன்னு கேட்கணும். அம்மாவுக்கு ரெண்டு வருஷமா மாதவிலக்குல அதிக உதிரப்போக்காம். டாக்டர் கேட்கலை, பையன்கிட்ட சொல்லக் கூச்சம். ஆம்பளைங்களுக்கோ மாதவிலக்கு நின்ன பெண்களுக்கோ இரும்பு குறைஞ்சா வயித்துலயோ குடல்லயோ ரத்தம் கசியுதான்னு பார்த்தே ஆகணும்.

இன்னிக்கே உங்க அம்மாவோட பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்க. வகுத்துப் பாருங்க. கம்மியா இருந்தா டாக்டர்கிட்ட போய் "ஏன்?"னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்லை. கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரையாலும்கூட டிஐபிசி ஏறும். முருங்கைக்கீரை வீட்டுல மறுபடி ஆரம்பிச்சாச்சு :-)