கையொப்பம் கேட்கும் குழு

திற்பரப்புப் பள்ளிகளைப் பற்றிய இறுதிச் சொல் 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரத்தில் இருந்தது. அதைத் தமிழகத்திற்கு மீட்க இம்மண் தந்த விலை சிறிதன்று. 1954 ஆகசுட்டு 11இல் காவலர் சுட்டதில் புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் தமிழர் உயிரிழந்தனர். மீட்ட உரிமை பெற்றோர் கைக்கு வந்ததா?

1958 முதல் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் கட்டடமும் இருக்கையும் சீருடையும் வழங்கினர். கொடுத்தாரேயன்றிக் கேட்டாரல்லர். கேட்கும் உரிமையை 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமே தந்தது. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்டிர். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுத்தலும், அரசு தரும் தொகை எவ்வாறு செலவாகிறதென நோக்குதலும் அவர்தம் கடமை. தலைமையாசிரியர் நீட்டும் ஏட்டில் ஒப்பமிடுதல் மட்டுமே கடமையென்று சட்டம் எங்கும் கூறவில்லை!

விடியுமுன் இரப்பர்த் தோட்டத்திற்குப் பால்வெட்டச் செல்லும் தாய், பாலெடுத்து ஊற்றித் திரும்புமுன் கூட்டம் கூடிக் கலையுமாயின், அக்குழு எவருக்கு? தமிழ்வழி வகுப்பில் பிள்ளைகள் ஏன் குறைகின்றனர் என்று கேட்க வேண்டியவள் அவளல்லளோ?

கூட்டத்தை மாலையில் கூட்டுக. வரவுசெலவைத் தமிழில் உரக்கப் படிக்கச் செய்க. ஐயம் தீர்ந்தபின் ஒப்பமிடுக.