ஒண்டிக்கு ஒண்டி போக்கர்: ‘டெக்னிக்’ தெரிந்தால் பணம் பார்க்கலாமா? கணக்கு போட்டால் அதிர்ச்சி!

சீட்டாட்டத்தில் ஜெயிக்க ‘டெக்னிக்’ இருக்கிறதா? இருக்கிறது. அதை கற்றுக்கொண்டு செல்போனில் சம்பாதிக்க முடியுமா? அங்கேதான் ஆப்பு காத்திருக்கிறது.

ஆன்லைன் போக்கரில் ‘ஹெட்ஸ் அப்’ என்று ஒரு வகை போட்டி உண்டு. மேஜையில் இரண்டே பேர். இருவரும் ஒரே தொகையை கட்ட வேண்டும். ஒருவர் கையில் உள்ள சிப்ஸ் காலியாகும் வரை ஆட்டம். ஜெயித்தவருக்கு பரிசு பணம் மொத்தமும். தோற்றவர் வெறுங்கையோடு எழுந்து போக வேண்டியதுதான்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்ததும் இந்தியாவில் இருந்த பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. ஆனால் ஆசை நிற்கவில்லை. டெக்னிக் சொல்லித் தரும் வீடியோக்கள் இன்னும் கிடைக்கின்றன. வெளிநாட்டில் இருந்து இயங்கும் தளங்களும் வலை விரித்து வைத்திருக்கின்றன. இந்த ஆட்டத்தில் பணம் எந்த வழியாக போகிறது என்று பார்ப்போம்.

ஆட்டம் எப்படி?

ஆளுக்கு 2 சீட்டு கவிழ்த்து கொடுப்பார்கள். நடுவில் 5 சீட்டு பொதுவாக விரிக்கப்படும். முதலில் 3, அப்புறம் 1, கடைசியில் 1. கையில் உள்ள 2, பொதுச்சீட்டு 5, ஆக 7 சீட்டில் இருந்து நல்ல 5 சீட்டை சேர்ப்பவருக்கு பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றலாம். பிடிக்கவில்லை என்றால் சீட்டை போட்டுவிட்டு ஒதுங்கலாம்.

சீட்டை பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாக போட வேண்டிய பந்தயத்துக்கு ‘பிளைண்டு’ என்று பெயர். 9 பேர் மேஜையில் ஒருவருக்கு 9 ஆட்டத்தில் 2 முறைதான் இந்த கட்டாய வசூல் வரும். இருவர் ஆட்டத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவர் சின்ன பிளைண்டு, இன்னொருவர் பெரிய பிளைண்டு போட்டே தீர வேண்டும்.

உதாரணத்துக்கு, 1,500 சிப்ஸ் வைத்திருக்கிறார் ஒருவர். பிளைண்டு 10, 20. நல்ல சீட்டு வரட்டும் என்று ஒதுங்கிக்கொண்டே இருந்தால் 2 ஆட்டத்துக்கு 30 சிப்ஸ் போகும். 100 ஆட்டம் தாங்கலாம். ஆனால் சில நிமிடத்துக்கு ஒரு முறை பிளைண்டை ஏற்றிக்கொண்டே போவார்கள். அது 75, 150 என்று ஆகிவிட்டால் 2 ஆட்டத்துக்கு 225 போகும். அதே 1,500 சிப்ஸ் 13, 14 ஆட்டத்திலேயே காலி. பொறுமைசாலிக்கு இந்த மேஜையில் வேலை இல்லை.

வீடியோவில் சொல்லும் டெக்னிக்

முதல் டெக்னிக், கடைசியில் பேசுவது. இருவர் ஆட்டத்தில் சின்ன பிளைண்டு போடுபவர்தான் டீலர். பொதுச்சீட்டு விரித்த பிறகு அவர் கடைசியாக பேசுவார். எதிராளி என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு முடிவு எடுக்கலாம் என்பதால் லாபம் அவருக்கு. அதனால் டீலராக இருக்கும்போது சுமாரான சீட்டை வைத்தும் ஆடு, இல்லாதபோது அடக்கி வாசி என்கிறார்கள்.

இரண்டாவது, முந்திக்கொண்டு அடிப்பது. கையில் ஜோடி இல்லாத 2 சீட்டு இருந்தால், முதல் 3 பொதுச்சீட்டு விரியும்போது 3-ல் 2 முறை எந்த ஜோடியும் சேராது. எதிராளிக்கும் அதே கதிதான். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லாத நேரத்தில் தைரியமாக பந்தயம் கட்டுபவன் ஜெயித்துவிடுவான். சுருக்கமாக சொன்னால் புருடா விடுவது.

மூன்றாவது, சிப்ஸ் குறைந்தால் துணிவது. பெரிய பிளைண்டுபோல 10 மடங்குக்கு கீழே சிப்ஸ் இறங்கிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக கட்டுவது வீண். ஒன்று மொத்தத்தையும் வைக்க வேண்டும், அல்லது ஒதுங்க வேண்டும். இதை ‘ஆல் இன்’ என்பார்கள்.

நான்காவது, ஆளை எடை போடுவது. பயந்து ஒதுங்குபவனிடம் புருடா பலிக்கும். எதற்கெடுத்தாலும் ‘பார்த்துடலாம்’ என்று பணம் கட்டுபவனிடம் பலிக்காது. அவனை நல்ல சீட்டு வரும்போதுதான் மடக்க வேண்டும்.

இதெல்லாம் பொய் இல்லை. உள்ளே வெளியே மங்காத்தா மாதிரி வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை போக்கர். ஆனால் திறமையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்தே ஓடுகிறது. கையில் 2 ஏஸ் வந்தால் அதைவிட நல்ல சீட்டு கிடையாது. அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு ஆடுபவனிடம் 100-க்கு 15 முறை தோற்க நேரிடும். ஏஸ், கிங் வைத்திருப்பவரை 7, 2 என்ற குப்பை சீட்டு 3-ல் ஒரு முறை வீழ்த்திவிடும்.

ரூ.100 போட்டால் என்ன ஆகும்?

வீடியோவில் யாரும் விளக்கமாக சொல்லாத விஷயம் நுழைவு ஃபீஸ்.

ரூ.100 போட்டி என்றால் கட்ட வேண்டியது ரூ.105 என்று வைத்துக்கொள்வோம். ரூ.100 பரிசுக்கு, ரூ.5 நடத்துபவருக்கு. ஜெயித்தால் கைக்கு வருவது ரூ.200. போட்ட பணம் போக லாபம் ரூ.95. தோற்றால் நஷ்டம் ரூ.105.

இரண்டு பேரும் சம திறமைசாலிகள், 100 போட்டியில் ஆளுக்கு 50 வெற்றி. யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதானே தோன்றும்? இல்லை. இருவருக்கும் தலா ரூ.500 நஷ்டம். அந்த ரூ.1,000-ம் நடத்துபவர் கல்லாவில். ஃபீஸ் ரூ.10 என்றால் தலா ரூ.1,000 நஷ்டம்.

சரி, நன்றாக ஆடுபவர் 100-ல் 55 ஜெயிக்கிறார். 55 வெற்றியில் வருவது ரூ.5,225. 45 தோல்வியில் போவது ரூ.4,725. மிச்சம் ரூ.500. ஒரு போட்டிக்கு கால் மணி நேரம் என்றாலும் 100 போட்டிக்கு 25 மணி நேரம் ஆகும். மணிக்கு ரூ.20 கூலி! ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு 2023 ஏப்ரல் முதல் 30 சதவீதம் வருமான வரி பிடித்தம் வந்தது. அதையும் கழித்தால் மணிக்கு ரூ.14. டீக்கும் வடைக்கும் சரியாக போய்விடும்.

ஃபீஸ் ரூ.10 ஆக இருந்தால் இன்னும் மோசம். அதே 55 வெற்றிக்கு வருவது ரூ.4,950. தோல்வியில் போவதும் ரூ.4,950. மிச்சம் பூஜ்யம்.

ஒண்டிக்கு ஒண்டி என்று பெயர்தான். உண்மையில் மேஜையில் 3 பேர். அந்த மூன்றாவது ஆள் ஒரு ஆட்டத்தில் கூட தோற்பதில்லை.

எதிரே யார்?

நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் தங்களைவிட கெட்டிக்காரரோடு உட்கார மாட்டார்கள். புதிதாக யார் வருகிறார்கள் என்று காத்திருந்து வேட்டையாடுவார்கள். 9 பேர் மேஜையில் கற்றுக்குட்டி கொஞ்ச நேரம் ஒதுங்கி இருக்கலாம். இருவர் மேஜையில் ஒளிய இடமே இல்லை.

எதிரே இருப்பது மனிதன்தானா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள சூதாட்ட விடுதியில் 2017 ஜனவரியில் ஒரு போட்டி நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘லிப்ராட்டஸ்’ என்ற கம்ப்யூட்டர் புரோகிராமுடன் 4 கைதேர்ந்த ஆட்டக்காரர்கள் தனித்தனியாக ஒண்டிக்கு ஒண்டி மோதினார்கள். 20 நாள், மொத்தம் 1 லட்சத்து 20 ஆயிரம் ஆட்டம். அதிர்ஷ்டத்தை ஒதுக்குவதற்காக, ஒரு இடத்தில் கம்ப்யூட்டருக்கு போன சீட்டு இன்னொரு இடத்தில் மனிதருக்கு போகும்படி மாற்றி மாற்றி கொடுத்தார்கள்.

முடிவில் 4 பேரும் தோற்றார்கள். கம்ப்யூட்டர் ஜெயித்த சிப்ஸ் மதிப்பு 17 லட்சம் டாலருக்கும் மேல். பகலில் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த ஓட்டைகளை ராத்திரியில் கம்ப்யூட்டர் அடைத்துக்கொண்டு மறுநாள் தயாராக வந்து நின்றது. உலகத்தரம் வாய்ந்தவர்களுக்கே இந்த கதி என்றால், வேலை முடிந்து வந்து அசதியில் செல்போனை தட்டுபவர் எம்மாத்திரம்?

தில்லுமுல்லு கதையும் உண்டு. வெளிநாட்டு தளங்களான அப்சல்யூட் போக்கரில் 2007-லும், அல்டிமேட் பெட்டில் 2008-லும் பெரிய மோசடி வெளியே வந்தது. எதிராளி கவிழ்த்து வைத்த சீட்டை பார்க்கும் வசதி, நிறுவனத்துக்கு வேண்டப்பட்ட ஆட்கள் கையில் இருந்தது. பணத்தை பறிகொடுத்த ஆட்டக்காரர்களே பழைய ஆட்ட விவரங்களை அலசி இதை அம்பலப்படுத்தினார்கள். அந்த மோசடி நடந்த காலத்தில் தோற்றவர்கள், தங்கள் டெக்னிக் சரியில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கோர்ட்டு படியேறிய ‘திறமை’

தமிழ்நாட்டில் இந்த ஆட்டத்தை பற்றிய சண்டை முழுக்க ‘திறமை’ என்ற ஒரே வார்த்தையை சுற்றித்தான் நடந்தது.

ஆன்லைன் ரம்மி, போக்கருக்கு 2020 நவம்பரில் அவசர சட்டம் மூலம் தடை வந்தது. 2021-ல் சட்டமானது. அதே ஆண்டு ஆகஸ்டு 3-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. பணம் இழந்தவர்கள் தற்கொலை செய்த சம்பவங்கள் தொடர்ந்ததால், 2022 ஜூனில் ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அந்த குழுவின் அறிக்கைக்கு பிறகு அக்டோபரில் புதிய மசோதா நிறைவேறியது. கவர்னர் ஆர்.என்.ரவி அதை 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டசபை மீண்டும் நிறைவேற்றி அனுப்ப, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

2023 நவம்பர் 9-ந்தேதி ஐகோர்ட்டு அந்த சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றை அதிர்ஷ்ட ஆட்டமாக பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று தீர்ப்பு கூறியது. நேரம், வயது பற்றி அரசு கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொன்னது. அதன்படி 2025 பிப்ரவரியில் 18 வயதுக்கு கீழே உள்ளவர்களுக்கு தடை, ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்ற விதிகள் வந்தன. ஜூன் 3-ந்தேதி ஐகோர்ட்டு அந்த விதிகளை உறுதி செய்தது.

ஒவ்வொரு முறையும் நிறுவனங்களை காப்பாற்றியது ‘இது திறமை விளையாட்டு’ என்ற வாதம்தான். ஆனால் அந்த வாதத்தை ஆடுபவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் அர்த்தமே வேறு. திறமை விளையாட்டு என்றால், திறமை குறைந்தவன் பணம் போவது நிச்சயம் என்று பொருள். அதிர்ஷ்ட ஆட்டத்திலாவது எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு. இங்கே அதுவும் இல்லை.

இந்த சர்ச்சைக்கே மத்திய அரசு சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. 2025 ஆகஸ்டு 22-ந்தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்த அந்த சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை ஜெயில், ரூ.50 லட்சம் வரை அபராதம். ஆடுபவருக்கு இந்த சட்டத்தில் தண்டனை இல்லை. இதை எதிர்த்து ஐகோர்ட்டுகளில் போடப்பட்ட வழக்குகள் 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு மாற்றப்பட்டன.

இப்போது உஷார்

தண்டனை இல்லை என்பதற்காக வெளிநாட்டு தளத்தில் பணம் போடுவது கிணற்றில் போடுவது மாதிரி. பணம் முடங்கினால் கேட்பதற்கு இங்கே ஆபீஸ் கிடையாது. 2011 ஏப்ரல் 15-ந்தேதி அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்களை முடக்கியபோது, ‘ஃபுல் டில்ட்’ தளத்தில் பணம் போட்டிருந்தவர்களால் அதை எடுக்க முடியவில்லை. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு பணம் திரும்ப வரத் தொடங்கியது 2014-ல்தான். அமெரிக்காவிலேயே அந்த நிலை என்றால் இங்கே சொல்ல வேண்டியதில்லை.

ஆட ஆசையாக இருந்தால் காசு வைக்காமல் விளையாடும் வழிகள் இருக்கின்றன. டெக்னிக்கை அங்கே காட்டலாம், சம்பளம் வீட்டுக்கு வந்து சேரும்.

ஆன்லைனில் பணத்தை ஏமாந்தவர்கள் உடனடியாக 1930 என்ற எண்ணில் சைபர் கிரைம் போலீசில் புகார் செய்யலாம். கடன் ஏறி மனசு உடைந்து போனவர்கள் 14416 அல்லது 104 எண்ணுக்கு போன் செய்து பேசலாம். விட்டதை பிடிக்கிறேன் என்று இன்னொரு ரூ.105 கட்டுவதற்கு முன்னால், வீட்டில் ஒருவரிடமாவது உண்மையை சொல்லிவிடுவது நல்லது. அந்த பேச்சுக்கு ஃபீஸ் கிடையாது.